உப்புக் கிணற்று அரளி

விடிந்தும் விடியாத நேரம். வாளியைத் தூக்கிக்கொண்டு பின்கதவைத் திறந்து பிளாட்பாரத்துப் பக்கம் போனேன். வேலி நெடுக அரளிச் செடிகள் நின்றன. இலை இருந்தது, கிளை இருந்தது. பூவைக் காணோம்.

ஒன்று கூட இல்லை. முந்தின நாள் சாயங்காலம் ரோஸ் நிறத்தில் கொத்துக் கொத்தாக நின்றதை என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். உதிர்ந்து கிடக்கிறதோ என்று குனிந்து பார்த்தால் தரை பெருக்கிவிட்டது மாதிரி இருந்தது. காம்பைக் கிள்ளின இடத்தில் பால் இன்னும் கசிந்துகொண்டிருந்தது. யாரோ பறித்துப் போய் ரொம்ப நேரம் ஆகவில்லை.

வேறு நாளாக இருந்தால் நாலு வசவோடு விட்டிருப்பேன். அன்றைக்கு ஸ்டேஷன் தோட்டப் போட்டிக்கு நடுவராக ரயில்வே அதிகாரி வருகிறார். மத்தியானத்துக்குள் வந்துவிடுவார் என்று முந்தின நாளே போனில் சொல்லியிருந்தார்கள்.

எங்கள் வீட்டுக்காரர்தான் அந்த ஸ்டேஷனுக்கு மாஸ்டர். வேப்பங்குச்சியை மென்றுகொண்டே வந்தவர், என் முகத்தைப் பார்த்தார், செடியைப் பார்த்தார். குச்சியைத் தூக்கிப் போட்டார்.

"சரி, இதுவும் போச்சா. நான் எழுதிக் குடுத்துட்டு அண்ணன் கடைக்கே போயிர்றேன்" என்றார்.

எழுதிக் கொடுப்பது என்றால் ராஜினாமா. அவர் கோபத்தில் சொல்லியிருந்தால் எனக்குப் பயம் இருந்திருக்காது. காபி ஆறிப்போச்சு என்று சொல்கிற குரலில் சொன்னார்.

பொட்டக்காட்டு ஸ்டேஷன்

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் அந்தப் பக்கம் ரயில் பாதை போட்டுக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அறுபதுகளின் கடைசி. ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். இப்போது அங்கே இருக்கிறவர்கள், எங்க ஊரையா பொட்டக்காடு என்கிறாய் என்று சண்டைக்கு வருவார்கள். அப்போது அது பொட்டக்காடுதான்.

ஓட்டுக் கட்டடம் ஒன்று, எங்கள் குவார்ட்டர்ஸ் ஒன்று, தள்ளி ஒரு ரயில்வே கேட், கேட்காரர் குடிசை. ஊர் அதற்கும் அப்பால். சுற்றிலும் கரிசல். கோடையில் அது வெடித்தால் கையை உள்ளே விடலாம். நான் ஒரு தரம் கொத்துச்சாவியைத் தவறவிட்டு, கம்பியை வளைத்துத் துழாவி எடுத்தேன்.

தண்ணீர்தான் பெரிய கொடுமை. கிணறு இருந்தது, உப்புக் கிணறு. அதில் குளித்தால் தலைமுடி தேங்காய் நார் மாதிரி நிற்கும். பருப்பு வேகாது. குடிக்க ரயிலில்தான் தண்ணீர் வரும். வண்டி நின்றதும் குடத்தோடு நான் ஓடுவேன், கேட்காரர் பெண்டாட்டி இருளாயி ஓடுவாள். என்ஜின் டிரைவர் நல்ல மனுஷனாக இருந்தால் இன்னும் ஒரு குடம் பிடித்துக்கொள்ளச் சொல்வார்.

என் வீட்டுக்காரர் அதற்கு முன்னால் பெரிய ஜங்ஷனில் வேலை பார்த்தவர். அங்கே ஒரு மேலதிகாரி, கீழே வேலை பார்க்கிற ஒருவரை எல்லார் முன்னாலும் கேவலமாகப் பேச, இவர் குறுக்கே புகுந்து பேசிவிட்டார். ரெண்டு வாரத்தில் மாற்றல் வந்தது. இவர் செய்தது சரிதான் என்று நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். ஆனால் இவருக்குள் ஏதோ அணைந்துபோயிற்று. வண்டி வந்தால் கொடி காட்டுவார். போனால் ஸ்டூலில் உட்கார்ந்து காலியான தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். சட்டைக்குப் பித்தான் அறுந்தால் கூடச் சொல்லமாட்டார்.

இவருடைய அண்ணன் அருப்புக்கோட்டையில் கமிஷன் கடை வைத்திருந்தார். மாசத்துக்கு ஒரு தரமாவது வந்துவிடுவார்.

"தம்பி, நீ எதுக்கு இங்கன கெடந்து காயணும்? கடையில ஒரு மூலையில உக்காந்தாலும் நிழலு இருக்கு. ஒரு பய உன்னை அதிகாரம் பண்ண மாட்டான்."

"ரெண்டு வருசம் கழிச்சு வார பங்குனி வரைக்கும் பாக்கேன் அண்ணே" என்றார் இவர். "அதுக்கு மேல என்னால முடியாது."

அண்ணன் நல்லவர். ஆனால் அந்தக் கடையில் என் வீட்டுக்காரர் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ரயில் என்றால் உயிரை விடுகிற மனுஷன். தூக்கத்தில் கூட எந்த வண்டி எங்கே கிராஸிங் என்று சொல்வார். அந்த வேலையைத் தலைகுனிந்து விட்டுவிட்டு வந்தால், அப்புறம் மிச்ச ஆயுசுக்கும் அவர் தலை நிமிராது. எனக்கு அது நன்றாகத் தெரியும். அந்தப் பங்குனிக்குள் இந்த மனுஷனுக்கு இந்த இடத்தைப் பிடிக்க வைக்க வேண்டும். எப்படி என்றுதான் தெரியவில்லை.

பிளாஸ்டிக் ரோஜா

வழியைக் காட்டினவர் எனக்கு ஆகாத ஒருவர். எங்கள் பாதையில், ஆற்றங்கரையில் ஒரு ஸ்டேஷன் இருந்தது. தோண்டினால் நல்ல தண்ணீர். வருஷாவருஷம் தோட்டத்துக்கான ஷீல்டு அங்கேதான் போகும். அந்த மாஸ்டர் ஒருநாள் பாசஞ்சரில் போகும்போது ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என்னிடம் ஒரு பிளாஸ்டிக் ரோஜாவைக் கொடுத்தார்.

"உங்க ஸ்டேஷனுக்கு இதை நட்டு வைம்மா. தண்ணி கேக்காது, வாடாது" என்றார். பெட்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

நான் இவரைப் பார்த்தேன். இவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. பிளாஸ்டிக் ரோஜாவை அடுப்பில் போட்டேன். வீடு முழுக்கப் புகை நாறியது.

ஷீல்டை இங்கே கொண்டுவருவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். ஊரில் சொன்னால் சிரிப்பார்கள் என்று வாயைத் திறக்கவில்லை.

அம்மா வீட்டுக் கடற்கரை

நான் பிறந்தது வேம்பார் பக்கம். எங்கள் வீட்டுப் பின்வாசலில் நின்றால் கடல். காய்கிற துணியை நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். அம்மாவுக்குத் தோட்டப் பைத்தியம். மல்லிகை வைத்தாள், கருகியது. கனகாம்பரம் வைத்தாள், மண்டையைப் போட்டது. துளசி மட்டும் மாடத்துக்குள் ஒண்டிக்கொண்டு பிழைத்தது.

எந்தக் காற்றுக்கும் அசையாமல், மணலில் வேரை விட்டு, வருஷம் முழுக்கப் பூத்தது அரளி ஒன்றுதான். ரோஸ் அரளி, வெள்ளை அரளி, செவ்வரளி மூன்றும் இருந்தன. சித்திரை வெயிலில் ஊரே வதங்கும்போது அது கல்யாணப் பெண் மாதிரி நிற்கும்.

"உப்புக்குப் பயப்படாத பொம்பளை இவ ஒருத்திதாண்டி" என்று அம்மா அதைத் தட்டிக்கொடுப்பாள்.

பொங்கலுக்குப் போனவள் ஒரு கட்டு அரளிக் குச்சியை ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் விறகுக்கு லக்கேஜ் போட வேண்டும் என்று நின்றார். இது பூச்செடி என்றேன். பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது. அருப்புக்கோட்டைப் பக்கம் மல்லிகைக்குப் பேர் போன ஊர்கள் இருக்க, குச்சியைக் கட்டிக்கொண்டு போகிறாளே என்று நினைத்திருப்பார்கள்.

இருளாயிக்கு வந்த சந்தேகம்

குச்சிகளைக் குவார்ட்டர்ஸ் ஓரமாக ஊன்றிக்கொண்டிருந்தபோது இருளாயி வந்து பார்த்தாள். பார்த்தவள் முகம் வெளுத்துப்போனது.

"என்ன தாயி, வீட்டுல சண்டையா?"

"இல்லையே."

"அவுக கை நீட்டுனாகளா? எங்கிட்ட சொல்லு தாயி. மனசுல வச்சுக்கிறாத."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் விளங்கியது. அரளி அந்தப் பக்கத்தில் கோயிலுக்கும் காட்டுக்கும் உரிய செடி. அதில் விஷம் உண்டு. மனசு வெறுத்துப்போன பெண்கள் அதைத் தேடிப் போவார்கள் என்பதால் குடும்பம் நடத்துகிற வீட்டு ஓரத்தில் யாரும் வைக்கமாட்டார்கள். புதிதாக வந்த ஸ்டேஷன் மாஸ்டர் பெண்டாட்டி, பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாதவள், புருஷன் வேறு ஊமையாக உட்கார்ந்திருக்கிறான். அவள் அரளியைக் கொண்டுவந்து நடுகிறாள். இருளாயி கணக்குப் போட்டுவிட்டாள்.

நான் எவ்வளவோ சொன்னேன். நம்புகிற மாதிரி தலையை ஆட்டிவிட்டு ஊருக்குள் போய்ச் சொல்லிவிட்டாள். மறுநாளிலிருந்து முறை வைத்துக்கொண்டு பெண்கள் வர ஆரம்பித்தார்கள். ஒருத்தி கம்பங்கூழ் கொண்டுவந்தாள். இன்னொருத்தி தலையில் பேன் பார்க்கிறேன் என்று உட்கார்ந்தாள். இன்னொருத்தி ஒன்றும் சொல்லாமல் சுளகில் உளுந்தைக் கொட்டிக்கொண்டு வாசலில் புடைத்தாள். என்னைத் தனியாக விடக்கூடாது என்று காவல் போட்டிருக்கிறார்கள்.

சிரிப்பாக வந்தது, கோபமாகவும் வந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே போன நாளிலிருந்து மனுஷ முகத்துக்கு ஏங்கிக்கிடந்தவள் நான். சந்தேகம் தீர்ந்த பிறகும் அவர்கள் வருவதை நிறுத்தவில்லை. அரளி எனக்குப் பூ கொடுப்பதற்கு முன்னால் ஊரைக் கொடுத்தது.

என்ஜின் கரியும் ஆட்டுப் புழுக்கையும்

முதலில் வைத்ததெல்லாம் ஐப்பசி மழையில் அழுகிப்போயிற்று. கடல் மணலில் தண்ணீர் நிற்காது. கரிசலில் நின்றால் நகராது. அம்மா சொல்லிக்கொடுத்த பாடம் எனக்குப் பாதி ஊருக்குத்தான் செல்லுபடியானது. மூலையில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்துவிட்டு அம்மாவுக்கு ஆள் சொல்லியனுப்பி இன்னொரு கட்டு வரவழைத்தேன்.

இந்த முறை பிளாட்பார வேலியை ஒட்டி ஆழமாகக் குழி. அடியில் என்ஜினிலிருந்து தட்டிப்போட்ட கரிக்கட்டியும் சாம்பலும். மேலே ஓடை மணலும் ஆட்டுப் புழுக்கையும். தரையை விட உயரமாக மேடு கட்டி அதன் உச்சியில் குச்சியை வைத்தேன். உப்புத் தண்ணீரை மேட்டின் காலடியில்தான் விடுவேன். குடிக்கிற தண்ணீரில் ஒரு செம்பைச் செடிக்கு ஊற்றினாலும் கையை ஒடிப்பேன் என்று எல்லாரிடமும் சொல்லிவைத்தேன்.

ஆடுகள் வந்தன, முகர்ந்தன, முகத்தைத் திருப்பிக்கொண்டு போயின. செடிக்கு முள் அடைக்க வக்கில்லாத இடத்தில் இது எவ்வளவு பெரிய வரம் என்று ஆடு மேய்கிற ஊரில் குடியிருந்தவர்களுக்குத் தெரியும்.

அடுத்த வருஷம் மழையே இல்லை. கண்மாய் காய்ந்தது. பரளச்சிப் பக்கம் வெள்ளாமை மணி பிடிக்காமல் சாவியாகிப் போய்விட்டது என்று வண்டியில் வருகிறவர்கள் சொல்லிக்கொண்டு போனார்கள். தை பிறந்து ஒருநாள் காலையில், கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இவர் அடுப்படிக்கே வந்துவிட்டார்.

"ஏய், இங்க வா. ஒண்ணு பூத்துருக்கு."

போய்ப் பார்த்தோம். ஒரே ஒரு ரோஸ் பூ. இவர் அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பாசஞ்சர் ஸ்டேஷனுக்கு வெளியே, ஹோம் சிக்னலில் நின்று கூவின பிறகுதான் எழுந்து ஓடினார். அன்று சாயங்காலம் கிணற்றில் வாளி விழுகிற சத்தம் கேட்டது. நான் வெளியே போகவில்லை. இவர் செடிக்குத் தண்ணீர் இறைப்பதை உள்ளே நின்றே கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

மாசி முடிவதற்குள் வேலி முழுக்கப் பூ. வண்டி நின்றால் ஜன்னலுக்கு ஜன்னல் தலை நீட்டிப் பார்த்தார்கள். போட்டிக்குப் பேர் கொடுத்தது இவர்தான். நான் சொல்லவே இல்லை.

அதனால்தான் அந்தப் பங்குனிக் காலையில், பூவில்லாத செடியைப் பார்த்துவிட்டு இவர் அப்படிச் சொன்னபோது எனக்கு உலகமே இருண்டது. திரும்பவும் ஸ்டூலில் போய் உட்கார்ந்துவிட்டார்.

வீடு தேடி வந்தவள்

கேட்டுக்கு ஓடினேன். இருளாயி குடிசை பூட்டியிருந்தது. கேட்காரர் மட்டும் இருந்தார்.

"அவ விடியமுன்னயே கோயிலுக்குப் போயிட்டாம்மா. இன்னைக்கு அம்மன் பொங்கல்ல. ஊருப் பொம்பளைக எல்லாம் மாலை கட்டுதாக" என்றார்.

"என்ன பூவில?"

அவர் தலையைச் சொறிந்தார். எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

பங்குனிப் பொங்கலுக்கு அருப்புக்கோட்டையிலிருந்து பூக்கூடை வரும். அந்த வருஷம் பூ விளைந்தால்தானே வரும். அம்மனை வெறுங்கழுத்தோடு எப்படித் தூக்குவது என்று பார்த்திருக்கிறார்கள். சாமிக்குப் பூப் பறிக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை என்பது அந்த ஊர் வழக்கம். இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்தாலும் வயிறு எரிந்தது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நாளைக்கு அள்ளித் தந்திருக்க மாட்டேனா என்று கத்திக்கொண்டே வீட்டுக்கும் கேட்டுக்குமாக நடந்தேன். வெயில் ஏறியது. இருப்புக்கொள்ளவில்லை. சண்டை போட்டே தீர்வது என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஊரைப் பார்த்துக் கிளம்பினேன்.

கேட்டைத் தாண்டவில்லை. எதிரே மேளச் சத்தம்.

ஊரே வந்துகொண்டிருந்தது. நடுவில் சப்பரம். அதில் அம்மன் முகம் மட்டும்தான் தெரிந்தது. மிச்சமெல்லாம் என் அரளி. தலை முதல் பாதம் வரை ரோஸ் நிறம். சுற்றிலும் கண்ணுக்கு எட்டுகிற தூரம் பச்சை என்பதே இல்லாத கரிசலில் அந்த நிறம் வந்துகொண்டிருந்தது. நான் கொண்டுபோன வசவெல்லாம் மறந்துபோயிற்று. கையெடுத்துக் கும்பிட்டேன்.

இருளாயி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"எங்க தாயி வந்துட்ட? உன் வீட்டுக்குத்தான வாரோம். பூக் குடுத்த வீட்டுக்குத்தான் மொத மரியாதை."

"நான் எங்கடி குடுத்தேன்? நீங்கதான எடுத்தீங்க?"

"ஆத்தா கேட்டா வாங்குவா? எடுத்துக்கிட்டு வீடு தேடி வந்து மரியாதை செய்வா."

அந்த நேரத்தில் தண்டவாளத்துப் பக்கம் கூர்மையாக ஒரு விசில். ட்ராலி வந்துவிட்டது. ஆட்கள் தள்ளிக்கொண்டு வருகிற அந்தச் சின்ன வண்டியில், குடைக்குக் கீழே, தொப்பி வைத்த அதிகாரி. சப்பரம் கேட்டின் நடுவில் நின்றது. ட்ராலியும் நின்றுதான் ஆக வேண்டும்.

கேட்காரர் ஓடிப்போய் சல்யூட் அடித்தார். அதிகாரி இறங்கினார். தொப்பியைக் கழற்றினார். சப்பரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"காலையிலேருந்து எத்தனையோ ஸ்டேஷன் பாத்துட்டு வர்றேன். குரோட்டன்ஸ் கூடக் கருகிக் கிடக்கு. ஆத்தங்கரை ஸ்டேஷன்லயே ரோஜா இல்ல. இங்க இவ்வளவு பூ எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டார்.

பூசாரி என்னைக் காட்டினார். இருளாயி காட்டினாள். மேளக்காரர் குச்சியால் காட்டினார். "எங்க ஸ்டேஷனம்மா பூவு சார்" என்று நாலு பக்கமும் குரல். நான் மரியாதையாக நிற்க வேண்டும் என்று நினைத்தேன். சேலை இன்னும் சண்டைக்குச் செருகினபடியே இருந்தது.

"பரிசு குடுக்க வந்தவுக நீங்கதானா?" என்று இருளாயி அவரிடமே கேட்டுவிட்டாள். "குடுத்துட்டுப் போங்க சாமி. அந்தம்மா பட்ட பாடு எங்களுக்குல்ல தெரியும்."

சப்பரம் முன்னால், அதிகாரி பின்னால், ட்ராலியை ஓரமாகத் தூக்கி வைத்துவிட்டு எல்லாரும் ஸ்டேஷனுக்கு நடந்தோம். மேளத்தோடு இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த அதிகாரி ரயில்வேயிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

என் வீட்டுக்காரர் பிளாட்பாரத்தில் விறைப்பாக நின்றார். தேய்த்த வெள்ளைச் சட்டை. முகத்தில் ரத்தமே இல்லை.

"சார், செடியில இன்னைக்குப் பூ இல்ல சார்."

"நான் பாத்துட்டேன் மாஸ்டர்" என்றார் அதிகாரி. "எந்தத் தண்ணி விடுறீங்க?"

இவர் கிணற்றைக் காட்டினார். அதிகாரி ஒரு வாளி இறைக்கச் சொன்னார். கையில் ஏந்தி ஒரு வாய் குடித்தார். அடுத்த நொடி துப்பிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டே செடிகளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்த்தார். மேட்டைத் தொட்டார். கரிக்கட்டியைக் கிளறினார். கிளம்பும்போது என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதற்குப் பிறகு இவருக்குப் பூசாரி பரிவட்டம் கட்டினார். தலையில் அந்தத் துணியோடு இவர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றது எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது.

ஸ்டூல் காலியானது

ஜெயித்த ஷீல்டு பாசஞ்சரில், கார்டின் பெட்டியில் சாக்கில் கட்டி வந்தது. ஊர் முழுக்க வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது. ஆற்றங்கரை மாஸ்டரும் அடுத்த பாசஞ்சரில் இறங்கிக் குச்சி கேட்டார். ஒரு கட்டு கொடுத்தனுப்பினேன். காபி கொடுக்கவில்லை.

பங்குனி முடிகிற சமயத்தில் அண்ணனும் வந்துவிட்டார். கடையில் இடம் ஒதுக்கிவைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஸ்டேஷன் போன் அடித்தது. இவர் எடுத்தார். அந்த அதிகாரிதான். ஆற்றங்கரை ஸ்டேஷனில் மாஸ்டர் இடம் காலியாகப் போகிறது, வருகிறீர்களா என்று கேட்கிறார். எனக்குக் காது அங்கேதான் இருந்தது.

நல்ல தண்ணீர். வேகிற பருப்பு. நான் வாசலில் நின்று, சரி என்று சொல்லுங்கள் என்று ரெண்டு கையாலும் ஜாடை காட்டினேன். இவர் என்னைப் பார்க்கவே இல்லை. வெளியே அரளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதுகு நேராக இருந்தது.

"இல்ல சார்" என்றார். "என் ஸ்டேஷன் இது சார். நான் இங்கயே இருக்கேன்."

போனை வைத்துவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினார். "கடைக்கு வேற ஆளப் பாத்துக்கோங்கண்ணே" என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார். நல்ல தண்ணீர் கைக்கு வந்து போய்விட்டதே என்று ஆத்திரம் பொங்கியது. அந்த ஆத்திரத்தோடேயே எனக்குக் கண்ணீர் கொட்டியது, சந்தோஷத்தில்.

தூரத்தில் வண்டி கூவியது. இவர் பச்சைக் கொடியை எடுத்தார். கண்ணாடியில் பார்த்துத் தொப்பியைச் சரி செய்துகொண்டார். வாசல் வரை போனவர் நின்று, சட்டையைத் தொட்டுக் காட்டினார்.

"இந்தப் பித்தான் அறுந்துருக்கு பாரு. இதோட எப்படி வண்டி முன்னால நிக்கிறது? ஊசியை எடு, சீக்கிரம்" என்று என்னை அதட்டினார்.